கழிவிரக்கத்திலிருந்து மைத்திரிக்கு

ஒரு துறவி அமர்ந்திருக்கிறார். அவரோடு மூவர் இருக்கிறார்கள்: அவருக்கு வேண்டிய நண்பர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஓர் அயலார், அவருக்குத் தீங்கு செய்த பகைவர். கொள்ளையர் வந்து, பலியிடுவதற்கு ஒருவரைத் தரும்படி கேட்கிறார்கள். அந்த மூவரில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் துறவியின் மைத்திரி, அதாவது எல்லா உயிர்க்கும் நலம் விரும்பும் அன்பு, இன்னும் முதிரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். 'இவர்களை விடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள்' என்று அவர் சொன்னால்? அதுவும் தேறாத விடைதான் என்கிறார் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர். நால்வரில் எவரையுமே கொடுக்கத் தோன்றாத மனம்தான் எல்லைகள் உடைந்த மனம்.

தியாகத்தைப் போற்றியே வளர்ந்த நமக்கு இந்த விடை அதிர்ச்சி தரும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாயைத்தானே நாம் அன்பின் உச்சம் என்று சொல்லிவந்திருக்கிறோம். புத்தகோசர் தியாகத்தைப் பழிக்கவில்லை. ஓர் உயிரை மட்டும் அன்பின் கணக்கிலிருந்து கழித்துவிட்டால், அது தன் உயிராகவே இருந்தாலும், உள்ளே எங்கோ ஒரு வேலி இன்னும் நிற்கிறது என்கிறார். தன்னைத் தானே ஓயாமல் கடிந்துகொள்ளும் மனத்தைப் பற்றி யோசிக்க இதைவிடக் கூர்மையான இடம் பௌத்த நூல்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சோதனை வருவது அவருடைய விசுத்திமக்கத்தின் 9ஆம் அதிகாரத்தில். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் எழுதப்பட்ட நூல் அது. புத்தகோசருக்குத் தமிழ்நாட்டுடன் நேரடித் தொடர்பு இருந்தது. பாலி சூத்திரத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில், முன்பு காஞ்சிபுரத்தில் தம்மோடு வாழ்ந்த ஜோதிபாலர் என்ற பிக்குவின் வேண்டுகோளை அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார். அதே காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். அந்த உபதேசத்திலும் செற்றத்தை அறுக்கும் வழியாக மைத்திரி, கருணை, முதிதை மூன்றும் பெயர் சொல்லியே வருகின்றன. இங்கே நான் எழுதப்போவது நமக்கு முற்றிலும் அயலான ஒரு தியானமுறையைப் பற்றி அல்ல.

மைத்திரிப் பயிற்சிக்குப் புத்தகோசர் ஒரு வரிசை வகுக்கிறார். முதலில் தனக்கு; பிறகு மதிப்புக்குரிய ஆசிரியருக்கு; பிறகு உற்ற நண்பருக்கு; பிறகு அயலாருக்கு; கடைசியாகப் பகைவருக்கு. தான் நலமாக, துன்பமின்றி, பகையின்றி இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை மனத்தில் திரும்பத் திரும்ப எழுப்புவதுதான் முதற்படி. உடனே அவரே ஒரு தடையையும் எழுப்புகிறார்: புத்தரின் சூத்திரங்கள் பிற உயிர்கள்மீது மைத்திரியைப் பரப்பச் சொல்கின்றனவே, தன்மீது என்று எங்கே சொல்கின்றன? அவர் தரும் பதில்: தன்னை முதலில் வைப்பது தன்னைச் சாட்சியாக்குவதற்கு. எனக்கு இன்பம் வேண்டும், துன்பம் வேண்டாம், சாக விருப்பமில்லை என்பதை ஒருவர் தமக்குள்ளே தெளிவாகக் கண்டால், மற்ற உயிர்களின் நிலையும் இதுவே என்பது அவருக்கு எட்டும். இதற்கு ஆதாரமாக, கோசல நாட்டு அரசன் பசேனதியும் அரசி மல்லிகையும் பேசிக்கொண்ட நிகழ்ச்சியை அவர் எடுத்துக்கொள்கிறார். உனக்கு உன்னைவிட அன்புக்குரியவர் எவரும் உண்டா என்று அரசன் கேட்க, இல்லை என்று அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அரசனும் தன்னைப் பற்றி அதையே ஒப்புக்கொள்கிறான். செய்தியைக் கேட்ட புத்தர் அவர்களைக் கடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தாமே இப்படி அரியவர் என்பதால் பிறரைத் துன்புறுத்தாதே என்ற முடிவுக்குப் போகிறார்.

புத்தகோசரின் கட்டுமானம் முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: தன்மீது அன்பு எல்லோருக்கும் இயல்பாகவே உண்டு, ஆகவே எளிதான இடத்தில் தொடங்கு. 1990இல் தரம்சாலாவில் இந்த அனுமானம் ஆட்டம் கண்டது. மனமும் வாழ்வும் என்ற பெயரில் தலாய் லாமாவுடன் அறிவியலாளர்கள் நடத்திவந்த உரையாடல்களில் ஒன்று அப்போது அங்கே நடந்தது. அமெரிக்கத் தியான ஆசிரியை ஷாரன் சால்ஸ்பர்க், தன்னையே வெறுக்கும் மனத்தைப் பற்றித் தலாய் லாமாவிடம் கேட்டார். அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. அது ஒரு நோயா, அப்படிப்பட்டவர்கள் வன்முறையில் இறங்குவார்களா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு அறையில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டபோது, கற்றறிந்த அத்தனை பேரும் தங்களுக்கு அது உண்டு என்றார்கள். சால்ஸ்பர்க் 1985இல் பர்மாவில் உ பண்டிதரிடம் மைத்திரியை முறையாகப் பயின்றவர். 1995இல் அவர் எழுதிய நூல் வழியாகவே மேற்குலகில் பலர் இந்தப் பயிற்சிக்கு வந்தார்கள். வந்தவர்களில் பலருக்குத் தன்மீது மைத்திரி என்ற முதற்படியே ஏற முடியாததாக இருந்தது. இதனால் சில ஆசிரியர்கள் வரிசையை மாற்றினார்கள். நன்றிக்குரிய ஒருவரையோ குழந்தையையோ வளர்ப்பு நாயையோ முதலில் நினைத்து, மனம் கனிந்தபின் தன்னிடம் வரச் சொன்னார்கள்.

இதை வைத்து, தன்னைக் கடிவது மேற்கத்திய நோய், கிழக்குக்கு அது தெரியாது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தேர்வில் தோற்ற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்று நம் தெருவில் எந்த வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். பாலி நூல்களிலும் இந்த மனிதர்கள் இருக்கிறார்கள். சோணர் ஒருவர். செல்வக் குடும்பத்தில் மிக மென்மையாக வளர்ந்து துறவியானவர். நடைத் தியானத்தில் தம்மை வருத்திய வருத்தத்தில் பாதங்கள் வெடித்து, அவர் நடந்த பாதை இறைச்சிக்கூடம்போல் இரத்தமாயிற்று. அப்படியும் பலன் கிட்டாததால், வீட்டுக்கே திரும்பலாம், செல்வம் இருக்கிறது, அறம் செய்யலாம் என்று நினைக்கத் தொடங்கினார். புத்தர் அவரிடம் வந்து, முன்பு வீணை வாசித்த அனுபவத்தைக் கேட்டார். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை எழாது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, முயற்சியை அளவாக்கச் சொன்னார். துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூலில் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. அவர் செருப்பு அணியலாம் என்று புத்தர் அனுமதித்தார். தமக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று சோணர் மறுக்க, எல்லாப் பிக்குகளுக்கும் அந்த அனுமதி பொதுவாயிற்று. ஒருவரின் காயத்துக்குக் காட்டிய இரக்கம் சங்கம் முழுவதற்கும் விதியானது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பின்னாளில் முயற்சியில் முதன்மையானவர் என்று புத்தர் சுட்டியதும் இதே சோணரைத்தான்.

ஆக, பழைய பௌத்தத்துக்கு இந்தத் துன்பம் தெரியும். அதை அது வேறு இடத்தில் வைத்து ஆராய்ந்தது. உடலை வருத்துவது சாரநாத்தில் புத்தர் ஆற்றிய முதல் உரையிலேயே இரு தீவிர முனைகளில் ஒன்றாக விலக்கப்பட்டது. மனத்தை வருத்துவதைப் பற்றிய ஆய்வு, மனத்தைப் பகுத்தாயும் பௌத்த நூல்தொகுதியான அபிதம்மத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் மையம் அதுதான்.

அபிதம்மம் மனத்தின் கூறுகளை வகைப்படுத்தும்போது, செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நினைத்து அரிபடும் கழிவிரக்கத்தை நல்லவற்றோடு சேர்க்கவில்லை. அகுசல, அதாவது தீய, கூறுகளில் சேர்க்கிறது. அதிலும் வெறுப்பை வேராகக் கொண்ட மனநிலையில் மட்டுமே அது எழும் என்கிறது. அநுருத்தரின் அபிதம்மத்த சங்கிரகத்தில் வெறுப்பு, பொறாமை, கஞ்சத்தனம், கழிவிரக்கம் நான்கும் ஒரே குடும்பம். பிறரை வெறுக்கும் மனமும் தன் தவற்றை நினைத்துத் தன்னைக் குதறும் மனமும் ஒரே வேரில் முளைத்தவை என்று இதற்குப் பொருள். தியானத்தை மறைக்கும் ஐந்து தடைகளில் கழிவிரக்கம் மனப் பரபரப்போடு சேர்ந்து நான்காவதாக வருகிறது. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரம் அந்தத் தடையை அடிமை வாழ்வுக்கு ஒப்பிடுகிறது.

அப்படியானால் மனசாட்சி வேண்டாமா? இங்கேதான் அபிதம்மத்தின் நுட்பம் தெரிகிறது. தீமை செய்ய நாணுவதும் அதன் விளைவுக்கு அஞ்சுவதும் வேறொரு பட்டியலில், அழகிய கூறுகளின் கூட்டத்தில், நல்ல மனம் எழும்போதெல்லாம் உடனெழுபவையாக வருகின்றன. இந்த இரண்டும்தான் உலகைக் காப்பவை என்று அங்குத்தர நிகாயம் சொல்கிறது. நாணம் செயலுக்கு முன்னால் நின்று கையைப் பிடிக்கிறது. கழிவிரக்கம் செயல் முடிந்தபின் வந்து ஆளை அடிக்கிறது. முன்னதால் நடத்தை மாறும். பின்னதால் மாறுவது அரிது. நாம் இரண்டையும் குற்றவுணர்வு என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். தன்னை மன்னித்தால் நாணமும் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், தவறான ஒன்றைக் காவல்காரன் என்று நம்பி வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தன்னை உயர்த்தி நினைப்பது செருக்கு என்று நமக்குத் தெரியும். பாலி மரபில், பிறருக்கு நான் சமம் என்பதும், பிறரைவிட நான் தாழ்ந்தவன் என்பதும்கூட அதே செருக்கின் வகைகள். மூன்றிலும் 'நான்' என்ற அளவுகோல் கீழே வைக்கப்படவே இல்லை. தாழ்வு மனத்தைத் தற்புகழ்ச்சியால் குணப்படுத்தப் பார்ப்பது, அளவுகோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதுதான். மைத்திரி அளப்பதையே நிறுத்தச் சொல்கிறது.

இந்த ஆய்வு ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படி இறங்குகிறது என்பதைச் சங்யுத்த நிகாயத்தில் உள்ள சங்கு சூத்திரம் காட்டுகிறது. நாலந்தாவில் பாவாரிகரின் மாந்தோப்பு. சமண மரபைச் சேர்ந்த அசிபந்தகபுத்தன் என்ற ஊர்த் தலைவன் புத்தரிடம் வருகிறான். கொலை செய்தவன் நரகம் புகுவான், ஒருவன் எதில் மிகுதியாக ஈடுபடுகிறானோ அது அவனை இழுத்துச் செல்லும் என்று தன் ஆசிரியர் கற்பிப்பதாகச் சொல்கிறான். புத்தர் முதலில் கணக்குப் போடுகிறார்: கொலைகாரன் ஒரு நாளில் கொல்லும் நேரம் அதிகமா, கொல்லாத நேரம் அதிகமா? பிறகு விஷயத்துக்கு வருகிறார். கொன்றவனுக்கு நரகம் உறுதி என்று கேட்டு நம்பியவன், நானும் கொன்றிருக்கிறேன், எனக்கும் நரகம் உறுதி என்ற பார்வையைப் பற்றிக்கொள்கிறான். அதை விடாதவரை அந்தப் பார்வையே அவனை அங்கே கொண்டு சேர்க்கிறது. (இது பௌத்த நூல் வரைந்த சமணச் சித்திரம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். பிழையை ஒப்புக்கொள்வதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் சமணத்தில் பிரதிக்கிரமணம் என்ற ஆழமான வழக்கம் உண்டு.)

புத்தர் காட்டும் மாற்று வழியின் வரிசையைக் கவனிக்கவேண்டும். ஒருவன் தான் கொன்றதை நினைக்கிறான். அது சரியல்ல, நல்லதல்ல என்று ஒப்புக்கொள்கிறான். இதற்காக நான் வருந்திக்கொண்டே இருந்தாலும் செய்த செயல் செய்யாததாகிவிடாது என்று அடுத்து எண்ணுகிறான். இப்படி எண்ணி, கொலையை அப்போதே கைவிடுகிறான். இனிமேலும் விலகி நிற்கிறான். இதே நடைமுறை களவு, பொய் என்று மற்றத் தீச்செயல்களுக்கும் விரிகிறது. அதன்பிறகே சூத்திரம் மைத்திரிக்கு வருகிறது. வலிமையான ஒருவன் ஊதிய சங்கின் ஒலி நான்கு திசையையும் சிரமமின்றி எட்டுவதுபோல், அவன் மனத்து மைத்திரி எல்லா உயிர்களையும் எட்டுகிறது. அளவுக்கு உட்பட்ட பழைய வினை அந்த விரிவில் தங்கி நிற்பதில்லை.

இதில் தவற்றைக் குறைத்துப் பேசும் சொல் ஒன்றும் இல்லை. எல்லோரும்தானே செய்கிறார்கள் என்ற சமாதானமும் இல்லை. தவறு முழு அளவில் ஒப்புக்கொள்ளப்படுகிறது, வருத்தத்தால் பயனில்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. இரண்டு ஒப்புதலுக்கும் இடையில் ஆளைத் திட்டும் ஒரு நிலையம் கிடையாது. நம் குறளின் 655ஆம் பாட்டு இங்கே நினைவுக்கு வருகிறது. பின்னால் இரங்கவேண்டிய செயலைச் செய்யாதே என்ற பின், ஒருவேளை செய்துவிட்டால் என்ன என்பதில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். மீண்டும் அதைச் செய்யாமை நன்று என்பது ஒரு வழி. பின்னிருந்து இரங்கிக்கொண்டிராமை நன்று என்பது பரிமேலழகர் வழி. சங்கு சூத்திரத்து மனிதன் இரண்டையும் ஒன்றாகவே செய்கிறான்.

கடந்த இருபது ஆண்டுகளாக உளவியல் இந்தத் துறையில் நிறைய உழைத்திருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப், தாம் பயின்ற பௌத்தத் தியானத்திலிருந்து பெற்ற கருத்தை 2003இல் ஆய்வுக்குரிய வடிவமாக்கினார். தன்மீது கனிவு, துன்பம் மனிதர் அனைவருக்கும் பொது என்ற உணர்வு, துன்பத்தை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் காணும் விழிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே தற்பரிவு என்றார். அதை அளக்க 26 வாக்கியங்கள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றையும் உருவாக்கினார். பின்னர் கிறிஸ்டோபர் கெர்மருடன் சேர்ந்து அவர் அமைத்த எட்டு வாரப் பயிற்சி பல நாடுகளுக்குப் பரவியது.

அபிதம்மத்தின் வகைப்பாட்டுக்கு மிக அருகில் வருவது, 2012இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரினா சென்னும் வெளியிட்ட ஆய்வு. கடினமான சொல்லறிவுத் தேர்வில் தடுமாறிய மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், இது பலருக்கும் கடினம்தான், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் பேசினார்கள். இன்னொரு பிரிவினரிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருக்கிறீர்கள், நீங்கள் அறிவாளிகள்தான் என்றார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது முதல் பிரிவு. தாங்கள் செய்த ஒரு தவற்றை நினைவுகூர்ந்தவர்களிலும், தம்மிடம் பரிவோடு இருக்கத் தூண்டப்பட்டவர்கள்தான் பரிகாரம் செய்யவும் தவற்றை மீண்டும் செய்யாதிருக்கவும் அதிக முனைப்புக் காட்டினார்கள். தன்மீது இரக்கம் காட்டினால் சோம்பிவிடுவோம் என்ற பரவலான பயத்துக்கு இது நேர் எதிரான விளைவு.

இந்த ஆய்வுகளை அப்படியே விழுங்கவும் கூடாது. நெஃப்பின் 26 வாக்கியங்களில் பாதி, தன்னைக் கடிவது, தனிமை உணர்வு போன்றவற்றைக் கேட்பவை. அவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் தருகிறவர் மனச்சோர்விலும் இருப்பார் என்பதில் வியப்பில்லை, இதைப் பரிவின் விளைவாக எப்படி எண்ணுவது என்று பீட்டர் மூரிஸ் போன்றவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தன்னைக் கடிபவர்களுக்கு மைத்திரித் தியானம் உதவுவதாகக் காட்டிய பென் ஷாஹர் குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வு சிறியது. பயிற்சி பெற்றவர்களை அதில் ஒப்பிட்டதும், பயிற்சிக்குக் காத்திருந்தவர்களுடன்தான். வேறொரு பயிற்சியோடு ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது.

சிகிச்சை அறையிலிருந்து வந்த ஓர் அறிவு இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிட்டன் உளவியலாளர் பால் கில்பர்ட், ஆழ்ந்த அவமான உணர்வு உள்ளவர்களுக்காகப் பரிவை மையமாகக் கொண்ட சிகிச்சை ஒன்றை உருவாக்கியவர். சிலருக்குப் பரிவு கிடைத்தவுடன் அச்சம் எழுவதை அவர் கவனித்தார். 2011இல் அவர் குழு அந்த அச்சத்தை அளக்கவே ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டது. சிறு வயதில் அன்பு தந்த கையே அடித்த கையாகவும் இருந்தவர்களுக்கு, கனிவான சொல் பழைய ஆபத்தை எழுப்பிவிடுகிறது. இவர்களைப் பார்த்து 'உன்னையே நேசி' என்பது கொடுமை. தரம்சாலாவில் புத்தகோசரின் அனுமானம் எங்கே தடுக்கியதோ அதே இடம் இது.

நவீனப் பயிற்சிகள் பௌத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டது ஒன்று உண்டு: இன்னொரு மனிதர். பிக்குகள் மாதம் இருமுறை உபோசத நாளில் கூடுகிறார்கள். விதிகளை ஓதுவதற்கு முன், பிழை செய்தவர் இன்னொரு பிக்குவின் முன் அமர்ந்து அதைச் சொல்கிறார். கேட்பவர், பிழையைக் காண்கிறீரா என்கிறார். காண்கிறேன் என்கிறார் இவர். இனிக் காத்துக்கொள்ளும் என்கிறார் அவர். நன்று என்று இவர் ஏற்கிறார். சிறு பிழைகளுக்கு இவ்வளவுதான். தண்டனை கிடையாது, அழுகை எதிர்பார்க்கப்படுவதில்லை, ஏன் செய்தாய் என்ற விசாரணை இல்லை. தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் கற்பித்ததும் இந்த வழியே. செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அதைப் பார். உடலாலோ சொல்லாலோ தீங்கு நேர்ந்திருந்தால் அறிந்த ஒருவரிடம் சொல், இனி அடக்கமாக இரு. தனிமையில் தன்னோடு பேசிக்கொள்வது எவ்வளவு கனிவாக இருந்தாலும், தவற்றைக் கேட்டபின்னும் முகம் மாறாத ஒரு மனிதர் எதிரே அமர்ந்திருப்பதற்கு அது ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

ஒப்புக்கொண்டால் விளைவு அழியும் என்றும் இந்த மரபு சொல்லவில்லை. தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அஜாதசத்து புத்தரிடம் அதைச் சொன்னபோது, அவர் அந்த ஒப்புதலை ஏற்றார். அவன் போனபின், தந்தையைக் கொல்லாதிருந்தால் இந்த இருக்கையிலேயே இவனுக்கு அறக்கண் திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் சொன்னார். கொலைகாரனாக இருந்து பிக்குவான அங்குலிமாலர் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லடி பட்டு, தலை உடைந்து, பாத்திரம் நொறுங்கித் திரும்பினார். பொறுத்துக்கொள் என்றார் புத்தர். அதே அங்குலிமாலரைத்தான், பேறுகால வேதனையில் இருந்த ஒரு பெண்ணிடம் போய், ஆரியப் பிறப்பு, அதாவது துறவு, எடுத்த நாள்முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை என்ற உண்மையின் பலத்தால் அவளுக்கு நலம் வேண்டும்படி அனுப்பினார். பழைய வினை அவர் உடல்மேல் வந்து விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவர் வேறு மனிதராக வாழவும் முடிந்தது. இலங்கையில் கருவுற்ற பெண்களுக்காக அங்குலிமால பரித்தம் என்ற காப்பு ஓதல் இன்றும் ஓதப்படுகிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, வீட்டில் பயிலும் ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய வரிசை இது. முதலில் செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பது: நான் மோசமானவன் என்பதை விட்டு, நேற்று மகளிடம் இதைச் சொன்னேன், அது அவளைப் புண்படுத்தியது என்று. அடுத்து, வருந்திக்கொண்டிருப்பதால் அது மாறாது என்பதைக் காண்பது. சரிசெய்யக்கூடியது இருந்தால் செய்வது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வது. அதன்பிறகு கண்மூடி அமர்ந்து தனக்கு நலம் விரும்புவது. அது வராவிட்டால் வற்புறுத்தாமல், நினைத்தவுடன் மனம் இளகும் ஒருவரிடமிருந்து தொடங்கலாம். பழைய அச்சம் பெரிதாக எழுந்தாலோ, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போகவேண்டும். அந்த இடத்தில் தனியாக அமர்ந்திருப்பது பயிற்சி ஆகாது.

தன்மீது மட்டும் நூறு ஆண்டுகள் மைத்திரி செய்தாலும் தியான ஒருமை கைகூடாது என்று புத்தகோசர் எச்சரித்திருக்கிறார். சாட்சி சொன்னபின் சாட்சிக் கூண்டிலேயே நிற்கத் தேவையில்லை. தனக்கு நலம் விரும்பிய சிறிது நேரத்தில் அடுத்தவரை மனத்துக்குள் அழைக்கவேண்டும். தன்னைக் கடியும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அடுத்தவர், தம் செயலால் புண்பட்டவராகவே இருப்பது நல்லது. கழிவிரக்கத்தில் மூழ்கியிருக்கும் நேரமெல்லாம் நம் கண்ணுக்கு அகப்படாமல் போகிறவர் அவர்தான்.